பாய்மரக் கப்பல் மாதிரியின் கயிற்றமைப்பு: நூலின் தடிமனும் கட்டும் வரிசையும்

சிறுநாவாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் 1764-இல் நிலக்கரி ஏற்றும் கப்பலாகக் கட்டப்பட்டு, 1768-இல் கடற்படையால் வாங்கப்பட்டு, ஜேம்ஸ் குக்கின் முதல் கடற்பயணத்துக்குச் சென்ற எண்டெவர் கப்பலின் மாதிரியை 1:64 அளவில் இரண்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அடிமரமும் பலகைகளும் மேல்தளமும் முடிந்துவிட்டன. மூன்று பாய்மரங்களையும் நிறுத்திவிட்டுக் கயிற்றமைப்பைத் தொடங்கிய இடத்தில்தான் தடுமாறி நிற்கிறேன்.

பாய்மரத்தை இரு பக்கமும் கப்பலின் ஓரத்தோடு பிணைத்து நிறுத்துபவை தாங்குகயிறுகள். முதன்மைப் பாய்மரத்தின் வலப்பக்கத் தாங்குகயிறுகள் அனைத்தையும் முதலில் கட்டினேன். பிறகு இடப்பக்கத்தைக் கட்டி முடித்தேன். எல்லாம் ஒரே அளவு விறைப்பாக இருந்தன. அதன்பின் பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் முன்பக்கத்தை நோக்கி இறங்கும் முன்தாங்கு கயிற்றை இழுத்துக் கட்டியதும் நிலைமை மாறிவிட்டது. இரு பக்கங்களிலும் முன்னால் உள்ள தாங்குகயிறுகள் தொய்ந்துவிட்டன. கடைசியில் உள்ளவை விரலால் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு விறைத்துக்கொண்டன. போதாக்குறைக்குப் பாய்மரம் இடப்பக்கம் சற்றே சாய்ந்தும் இருக்கிறது. முடிச்சுகளின் மேல் உடனடிப் பசை வைத்துவிட்டதால் அவிழ்த்து இறுக்கவும் வழியில்லை. ஒரு கயிற்றை மெதுவாக வளைத்துப் பார்த்தபோது பசை பட்ட இடத்தில் அது குச்சி போல முறிந்துவிட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மாதிரிக்கான பாகங்கள் அடங்கிய கடைத்தொகுப்பில், அதாவது கிட்டில், வந்த கறுப்பு நூல் 0.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. முன்தாங்கு கயிறு, பக்கத் தாங்குகயிறு எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தச் சொல்கிறார்கள். மற்றவை அனைத்துக்கும் 0.25 மில்லிமீட்டர் பழுப்பு நூல். ஆனால் அருங்காட்சியக மாதிரிகளின் படங்களைப் பார்க்கும்போது கயிறுகளுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிகிறது. சரியான தடிமனை எப்படிக் கணக்கிடுவது? எந்த வரிசையில் கட்டியிருக்க வேண்டும்? இதுவரை கட்டியதைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பிரிக்கவும் தயாராக இருக்கிறேன்.

கப்பியும் கயிறும் (மறுமொழி)

நண்பரே, முதலில் தடிமனைப் பார்ப்போம். பழைய ஆவணங்களில் கயிற்றின் அளவு விட்டத்தைக் குறிக்காது, சுற்றளவைக் குறிக்கும். இது தெரியாமல் ஏமாறுபவர்கள் பலர். டிரஃபால்கர் போரில் பங்கேற்ற விக்டரி கப்பலின் முதன்மை முன்தாங்கு கயிறு 19 அங்குலம் என்று படித்துவிட்டு அதை விட்டமாக எடுத்துக்கொண்டால், 1:64 மாதிரியில் ஏழரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு வேண்டியிருக்கும். அது பாய்மரத்தோடு போட்டியிடும். சுற்றளவு என்று புரிந்துகொண்டு மூன்று புள்ளி ஒன்று நான்கால் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 6 அங்குலம், மாதிரியில் 2.4 மில்லிமீட்டர். அதுவே பெரிய போர்க்கப்பலின் மிகத் தடித்த தாங்குகயிறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எண்டெவர் போன்ற சிறிய கப்பலுக்கு எந்த எல்லைக்குள் தேட வேண்டும் என்பது விளங்கும்.

டேவிட் ஸ்டீல் 1794-இல் லண்டனில் வெளியிட்ட கயிற்றமைப்பு நூலில் கப்பலின் அளவுக்கேற்ப ஒவ்வொரு கயிற்றின் சுற்றளவும் அட்டவணையாக உள்ளது. உங்கள் கப்பல் அதற்கு முந்தைய காலத்தது என்றாலும் விகிதங்கள் பெரிதாக மாறிவிடவில்லை. அட்டவணை கையில் இல்லாதபோது நான் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கப்பல்களில் முதன்மை முன்தாங்கு கயிற்றின் சுற்றளவு, முதன்மைப் பாய்மரத்தின் விட்டத்தில் ஏறக்குறையப் பாதி. சுற்றளவை விட்டமாக மாற்றினால், கயிற்றின் தடிமன் பாய்மரத் தடிமனில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். பக்கத் தாங்குகயிறு அந்த முன்தாங்கு கயிற்றில் பத்தில் ஆறு பங்கு. உங்கள் பாய்மரம் தளத்தருகே 8.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்தாங்கு கயிறு ஏறத்தாழ 1.35 மில்லிமீட்டர், பக்கத் தாங்குகயிறு 0.8 மில்லிமீட்டர். கிட் கொடுத்த 0.5 மில்லிமீட்டர் நூல் இவற்றில் எதற்கும் பொருந்தாது. மேலே உள்ள இரண்டாம் கட்டப் பாய்மரத்தின் தாங்குகயிறுகளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

நூல் சுருளின் மேல் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். நூலை ஒரு பென்சிலின் மேல் இடைவெளியின்றி, ஆனால் நசுக்காமல், பக்கத்தில் பக்கமாகச் சுற்றுங்கள். 10 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, 10-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தடிமன் கிடைத்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று வந்தால் 0.8 மில்லிமீட்டர். இருபது வந்தால் 0.5. ஒரே எண் அச்சிட்ட இரண்டு சுருள்களை இப்படி அளந்து, ஒன்று மற்றொன்றைவிட மூன்றில் ஒரு பங்கு தடித்திருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

ஏராமரம் (மறுமொழி)

கட்டும் வரிசையைப் பற்றி நான் எழுதுகிறேன். எந்தக் கயிறு பாய்மரத்தை எந்தத் திசையில் இழுக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால், உங்களுக்கு நேர்ந்ததன் காரணம் தெளிவாகத் தெரியும். பக்கத் தாங்குகயிறுகள் பாய்மரத்துக்கு நேர் பக்கவாட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் பரவுகின்றன. ஆகவே அவை பாய்மரத்தைப் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் பின்னாலும் இழுக்கின்றன. அந்தப் பின்னிழுப்பை ஈடுகட்டுவதற்காக இருப்பதுதான் முன்தாங்கு கயிறு. எதிர்ப்பக்கத்தில் தாங்க ஒன்றுமில்லாத நிலையில் நீங்கள் பக்கத் தாங்குகயிறுகளை இறுக்கினீர்கள். பாய்மரத்தின் உச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு பின்னால் சென்றுவிட்டது. பிறகு முன்தாங்கு கயிறு அதை முன்னால் கொண்டுவந்தபோது, பின்னால் பரவியிருந்த கயிறுகளுக்கு நீளம் போதாமல் விறைத்தன. முன்னால் இருந்தவற்றுக்கு நீளம் மிஞ்சித் தொய்ந்தன. இடப்பக்கச் சாய்வுக்குக் காரணம், ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனது. முதலில் கட்டிய வலப்பக்கத்துக்கு உச்சி கொஞ்சம் வந்திருக்கும். அதைத் திருப்ப இடப்பக்கத்தில் நீங்கள் கூடுதலாக இழுத்திருப்பீர்கள்.

மெய்யான கப்பலில் பாய்மரத்தின் தலையில் கயிற்றை ஏற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. ஒரே கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பைப் பாய்மரத்தின் தலையில் மாட்டி, அதற்குக் கீழே இறுகக் கட்டினால் ஒரு பக்கத்துக்கான இரண்டு தாங்குகயிறுகள் கிடைக்கும். வலப்பக்கத்தின் முன் இணை முதலில் ஏறும். அடுத்து இடப்பக்கத்தின் முன் இணை. பிறகு வலப்பக்கத்தின் இரண்டாம் இணை, இடப்பக்கத்தின் இரண்டாம் இணை என்று மாறி மாறி ஒன்றின்மேல் ஒன்றாக அமரும். முன்தாங்கு கயிற்றின் பெரிய வளையம் இவை எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக வந்து உட்காரும். மாதிரியிலும் இதே வரிசையைப் பின்பற்றினால் பாய்மரத் தலையின் தோற்றமும் சரியாக அமையும், இழுப்பும் இரு பக்கமும் சமமாக ஏறும்.

முன்தாங்கு கயிறு கடைசியில் ஏறுகிறது என்றால் அதுவரை பாய்மரத்தை யார் தாங்குவது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு தற்காலிக நூலை உச்சியிலிருந்து கப்பலின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, கட்டி, பாய்மரத்தின் சாய்வை வரைபடத்தோடு ஒப்பிட்டு அட்டையில் வெட்டிய கோண அளவியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்தாங்கு கயிறு இடம்பிடித்த பிறகே அந்த நூலை அறுக்க வேண்டும்.

அடுத்தது முக்கண் கட்டைகள். தாங்குகயிற்றின் கீழ்நுனியில் ஒன்றும் கப்பலின் பக்கத்தில் ஒன்றுமாக, மூன்று துளைகள் கொண்ட வட்டக் கட்டைகள் இணையாக நிற்கும். அவற்றினூடே இறுக்குக் கயிறு மேலும் கீழுமாகப் போய்வரும். மேல்கட்டைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் மாதிரியின் மற்ற அழகு எதுவும் கண்ணில் படாது. இதற்கு ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை எடுத்து, இரு முனைகளையும் ஒரே பக்கம் மடித்து, ஒரு முனை கீழ்க்கட்டையின் துளையிலும் மற்றொரு முனை மேல்கட்டையின் துளையிலும் நுழையும்படி செய்துகொள்ளுங்கள். நடுவில் உள்ள நீளத்தை வரைபடத்திலிருந்து எடுக்கவும். இந்தக் கம்பியை மாட்டிய நிலையில் மேல்கட்டையைச் சுற்றித் தாங்குகயிற்றைத் திருப்பிக் கட்டினால், எல்லாக் கட்டைகளும் ஒரே இடைவெளியில் நிற்கும்.

இறுக்குக் கயிறுகளை உடனே முடித்துவிடாதீர்கள். கடைசிச் சுற்றைச் சுருக்குமுடிச்சாக விட்டுவைத்து, அந்தப் பாய்மரத்துக்குரிய முன், பின், பக்கக் கயிறுகள் எல்லாம் இடம்பிடித்து ஒரு வாரம் ஆன பிறகு, முன்னிருந்து பின்னாக இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி முடிக்க வேண்டும். கப்பலில் இறுக்குக் கயிறு என்ற ஒன்று இருந்ததே இந்தத் திருத்தத்துக்காகத்தான். நனைந்தும் காய்ந்தும் நீண்டும் குறுகியும் போகும் தாங்குகயிறுகளை மாலுமிகள் அதைக்கொண்டுதான் சரிசெய்தார்கள். அதன்மேல் உடனடிப் பசையை வைப்பது அந்த அமைப்பின் பயனையே எடுத்துவிடுகிறது. நீர் கலந்த வெள்ளை மரப்பசையில் ஒரு துளி போதும். வேண்டும்போது ஈரத் தூரிகையால் தொட்டு இளக்கிக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடியான பதில், பிரித்துவிடுங்கள் என்பதுதான். கட்டியதைப் பிரிப்பதன் வருத்தம் எனக்குத் தெரியும். என் முதல் மாதிரியில் இதே தவற்றைச் செய்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். இன்றும் அதைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது அந்தத் தொய்ந்த கயிற்றுக்குத்தான்.

நிழற்பாய் (மறுமொழி)

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளும் மிகப் பயனுள்ளவை. நான் நூலின் தன்மையைப் பற்றி எழுதுகிறேன். புதிதாக நூல் வாங்கும்போதே இதை முடிவு செய்தாக வேண்டும்.

ஒரே பாய்மரத்தில் பருத்தி நூலையும் பாலியெஸ்டர் நூலையும் கலந்து கட்ட வேண்டாம். பருத்தியும் லினனும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, அதனால் நீளத்தில் சுருங்கும், காய்ந்தால் தளரும். பாலியெஸ்டர் ஏறக்குறைய அசையாது. இரண்டையும் கலந்தால், மழைக்காலத்தில் ஒன்று இழுக்க மற்றொன்று தொய்ந்து நிற்கும். நான் பாலியெஸ்டர் நூலையே விரும்புகிறேன். அதில் பஞ்சு போன்ற மயிரிழைகள் கிளம்புவதில்லை. பளபளப்பு இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால் கயிறு போலவே தோன்றும். பருத்தி நூல்தான் கையில் இருக்கிறது என்றால், தேன்மெழுகின் மேல் ஓட்டி மயிரிழைகளை அடக்கலாம் என்பார்கள். அது நல்ல வழிதான் என்றாலும், மெழுகு பூசிய நூலில் பிறகு சாயமும் பசையும் சரியாக இறங்காது, காலப்போக்கில் தூசியும் ஒட்டும். ஆகவே சாயம் ஏற்றிய பிறகு, முடிச்சிடும் முன், மிக மெல்லியதாக மட்டும் ஓட்டுங்கள்.

கயிற்றை நீங்களே திரிக்க முடியுமானால் தோற்றத்தில் வரும் மாற்றம் பெரியது. மூன்று நூல்களைத் தனித்தனியே முறுக்கேற்றி, பிறகு மூன்றையும் ஒன்றாக எதிர்த்திசையில் முறுக விட்டால் மூன்று புரிக் கயிறு கிடைக்கும். 0.4 மில்லிமீட்டர் நூல் மூன்று சேர்ந்தால் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், அதாவது உங்கள் பக்கத் தாங்குகயிற்றுக்கு வேண்டிய அளவு. இங்கே கவனிக்க வேண்டியது முறுக்கின் திசை. அக்காலக் கப்பல்களின் பொதுவான மூன்று புரிக் கயிறு வலமுறுக்குக் கொண்டது. செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் புரிகள் இடமிருந்து வலமாக மேலேறும். கடையில் கிடைக்கும் தையல் நூலில் பெரும்பாலானவை ஏற்கெனவே வலமுறுக்கு நூல்கள். அவற்றை மூன்றாகச் சேர்த்தால் இயல்பாக இடமுறுக்குக் கயிறுதான் வரும். மூன்று வலமுறுக்குக் கயிறுகளைச் சேர்த்து மீண்டும் திரித்த கனத்த வடம்தான் கப்பலில் இடமுறுக்குக் கொண்டிருந்தது. நங்கூர வடமும், கடற்படைக் கப்பல்களின் முன்தாங்கு கயிறுகளும் அந்த வகை. எனவே முன்தாங்கு கயிற்றுக்குத் தையல் நூலை நேரடியாகத் திரிக்கலாம். பக்கத் தாங்குகயிற்றுக்கு, மெல்லிய நூல்களை இரண்டிரண்டாகத் திரித்து இடமுறுக்குப் புரிகளாக்கி, அந்தப் புரிகள் மூன்றைச் சேர்த்து வலமுறுக்காக்குங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அருகில் வைத்துப் பார்த்தால் புரிகள் தவறான பக்கம் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது என்பது என் அனுபவம்.

நிறத்தைப் பொறுத்தவரை, நிலையான தாங்குகயிறுகள் பைன் மரத்தாரில் ஊறியவை. கரிக்கறுப்பைவிட அடர்ந்த பழுப்பே மாதிரியில் இயல்பாக இருக்கும். பாய்களை இயக்கும் கயிறுகளுக்குப் பொன்மஞ்சள் நூலைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறம் மணிலா நாருக்கு உரியது. அது மேலைநாட்டுக் கப்பல்களில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். குக்கின் காலத்துக் கயிறுகள் சணல் போன்ற ஹெம்ப் நாரால் திரித்தவை, மங்கிய பழுப்பானவை. 1993-இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டிலில் நீரில் இறக்கப்பட்ட எண்டெவர் மறுவடிவக் கப்பலின் படங்கள், எந்தக் கயிறு எங்கே போகிறது என்பதை அறிய மிக உதவும். ஆனால் அதன் பாய்கள் செயற்கை இழையால் ஆனவை. நிறத்துக்கும் இழைத்தன்மைக்கும் அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். கப்பலின் உடலுக்கு, கடற்படை வரைந்த மூல வரைபடங்களே கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிட்டின் நங்கூரமும் பீரங்கிகளும் கனமான, நகத்தால் கீறினால் கோடு விழும் சாம்பல் நிற உலோகமாக இருந்தால், அதில் ஈயம் இருக்கக்கூடும். ஓக் மரச் சட்டமிட்ட, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த என் மாதிரியின் நங்கூரத்தில் சில ஆண்டுகளில் வெள்ளைப் பொடி பூத்தது. துடைத்தால் மறுபடியும் பூத்தது. கடைசியில் அதன் கொக்கி தானே உதிர்ந்து விழுந்தது. ஓக் மரத்திலிருந்து மெதுவாக வெளியேறும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்துக் கார்பனேட்டாக மாற்றுகிறது. ஈயப் பொருள்களைப் பித்தளை அல்லது மரத்தால் மாற்றிவிட்டு, பெட்டியின் அடியில் காற்றோட்டத்துக்குத் துளைகள் விடுங்கள். கயிறு எல்லாம் கட்டிய பிறகு பீரங்கியை எடுத்து மாற்றுவது ஆகாத காரியம் என்பதால் இதை இப்போதே செய்வது நல்லது.

சிறுநாவாய் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதன்மைப் பாய்மரத்தின் கயிறுகளை முழுவதும் பிரித்துவிட்டு, தற்காலிக நூலை முன்னால் கட்டி, இணை இணையாக இரு பக்கமும் மாறி மாறி ஏற்றினேன். கம்பி அளவியின் உதவியால் முக்கண் கட்டைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. பத்து நாள் கழித்து இறுக்கியபோது, முன்னால் உள்ள கயிறும் பின்னால் உள்ள கயிறும் விரலுக்கு ஒரே அழுத்தத்தைக் கொடுத்தன. பீரங்கிகளை நகத்தால் கீறிப் பார்த்தேன், கோடு விழுந்தது. அவற்றை மாற்றிவிடப் போகிறேன்.

அடுத்த கட்டம் படிக்கயிறுகள், அதாவது மாலுமிகள் ஏறுவதற்காகத் தாங்குகயிறுகளின் குறுக்கே படி போலக் கட்டப்படுபவை. ஒரு பக்கத்தில் மேலேயிருந்து கீழே கட்டிப் பார்த்தேன். பாதி வருவதற்குள் தாங்குகயிறுகள் நடுவில் உடுக்கை போல உள்வாங்கிவிட்டன. முடிச்சு எப்படி இட்டால் இது நேராது?

ஏராமரம் (மறுமொழி)

உடுக்கை வடிவம் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு படியிலும் நூலை நீங்கள் சற்றே இழுத்துக் கட்டுவதுதான். ஒரு படியில் கால் மில்லிமீட்டர் இழுத்தால்கூட முப்பது படிகளில் அது கூடிக்கொண்டே போகும். தாங்குகயிறுகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை வையுங்கள். அதில் தாங்குகயிறுகளின் இருப்பிடத்தையும் படிகளின் கோடுகளையும் பென்சிலால் வரைந்துகொண்டு, கயிறு தன் கோட்டைவிட்டு நகரவில்லை என்பதை ஒவ்வொரு முடிச்சுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். மெய்யான கப்பலில் படிகளின் இடைவெளி 13 முதல் 15 அங்குலம், ஒரு மாலுமி கால் வைத்து ஏறக்கூடிய உயரம். 1:64 அளவில் அது 5 மில்லிமீட்டருக்கும் 6 மில்லிமீட்டருக்கும் இடையில் வரும். கோடுகளைக் கப்பலின் நீர்மட்டத்துக்கு இணையாக வரையுங்கள். மேல்தளத்தின் விளிம்பு முன்னும் பின்னும் வளைந்து ஏறும். அதற்கு இணையாகப் படிகளை வைத்தால் கப்பல் முழுவதும் கோணலாகத் தோன்றும்.

மேலிருந்து வரிசையாகக் கட்டாமல், முதலில் ஆறு படிக்கு ஒன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள். அவை தாங்குகயிறுகளை அவற்றின் இடத்தில் பிடித்து நிறுத்தும். பிறகு இடையில் உள்ளவற்றை நிரப்பலாம். உள்ளே உள்ள தாங்குகயிறுகளில் நூல் இரு முறை சுற்றித் தன்மேலேயே குறுக்காக நுழையும் குளோவ் ஹிட்ச் முடிச்சை இடுங்கள். இரு ஓரங்களிலும் மெய்யான கப்பலில் படிக்கயிற்றின் நுனியில் சிறிய கண் பின்னி, அதைத் தாங்குகயிற்றோடு கட்டியிருப்பார்கள். 1:64 அளவில் நூலின் நுனியை ஊசியில் கோத்து, அந்த நூலினூடாகவே ஒரு முறை குத்தி எடுத்தால் அந்தக் கண் போலவே தோன்றும். எல்லா முடிச்சுகளின் குறுக்குச் சுற்றும் கப்பலின் வெளிப்பக்கம் பார்க்கட்டும்.

நூல் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். பெரிய கப்பலிலேயே படிக்கயிற்றின் சுற்றளவு ஒன்றரை அங்குலம்தான்; கணக்கிட்டால் உங்கள் அளவில் 0.19 மில்லிமீட்டர் வரும். கிட்டின் பழுப்பு நூல் இதற்குத் தடிமன் அதிகம். இரண்டு முடிச்சுகளுக்கிடையே நூல் மிக இலேசாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அதை நேராக்க முயலாதீர்கள். கயிற்றுக்கு எடை உண்டு, நூலுக்கு அது இல்லை. அந்தச் சிறு வளைவுதான் நூலைக் கயிறாகக் காட்டுகிறது. கட்டி முடித்த பகுதியில் நீர் கலந்த மரப்பசையை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்து, அது காய்வதற்குள் ஓர் ஊசிமுனையால் ஒவ்வொரு படியின் நடுவையும் மிக மெதுவாகக் கீழே அழுத்திவிடுங்கள்.

இன்னொன்று, மிகக் கீழே உள்ள இரண்டு மூன்று படிகளை எண்டெவரின் படகுகளையும் மேல்தளக் கயிற்றுச் சுருள்களையும் வைத்த பிறகு கட்டுங்கள். அந்த வழியாகத்தான் உங்கள் இடுக்கி உள்ளே போக வேண்டியிருக்கும்.